முழங்கால் உயரத்துக்கு

ஹலோ... நான்தான், உன் அக்கா. ஏன், நம்பர் மறந்துபோச்சா?... ஆமா. ஆமா, எட்டு மாசமாப் பேசல. இப்பவும் கொஞ்சிக் குலாவறதுக்குக் கூப்பிடல. நான் வீட்ல இல்லாத நேரம் பாத்து என் வேலியை வெட்டிட்டியாமே?...

நடிக்காதே. எதிர்வீட்டு டீச்சர் இப்பத்தான் போன் பண்ணாங்க. நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கற முள்வேலி பாதி தரையில கிடக்குதாம். அரிவாளோட ஒரு ஆளாம், பக்கத்துல நீயாம். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதே...

வாயை மூடு, நான் பேசி முடிச்சுக்கறேன். காரை, சூரை, இலந்தைன்னு முள்ளுச்செடியாத் தேடித் தேடி நட்டது. அஞ்சு வருஷம்! கார் கீறுதுன்னு கத்தினே. பாம்பு வரும்னே. கொளுத்திடுவேன்னு கூடச் சொன்னே... சொன்னே! உன் பொண்டாட்டியே சாட்சி. அதுல இப்ப கொண்டைக்குருவி கூடு கட்டியிருக்கு. மூணு குஞ்சு, இன்னும் கண்ணு திறக்கல...

ஓ, உனக்கும் தெரியுமா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம்...

என்னது? யாரு வரச்சொன்ன ஆளு?... நானா?... தோட்டக்காரரா அது? அவர் நாளைக்குத்தானே வரணும்... அவருக்கு நான் அனுப்பின வாய்ஸ் மெசேஜா? எங்க, அவர் போன்ல போடச் சொல்லு பாப்போம்...

...

ம். என் குரல்தான்.

ஐயோ, அது போன மாசம் பின்பக்கம் நட்ட கன்னுங்களுக்குச் சொன்னதுடா! கன்னா இருக்கறப்பவே முழங்கால் உயரத்துக்கு வெட்டினாத்தான் அடியிலேருந்து அடர்த்தியாக் கிளைக்கும். வளந்த வேலியைப் போய் யாராவது... பின்பக்கம்னு நான் சொல்லலையா? சொல்லியிருப்பேன். மறுபடி போடு...

“வேலிச்செடி எல்லாத்தையும் வெட்டிடுங்க, பாவம் பாக்காதீங்க.” ...போதும், நிறுத்து. கேட்டுடுச்சு.

பாதி போச்சே... என் வாயாலேயே...

அப்ப நீ உடனே எனக்கு ஏன்... காலையிலயா? ஏழு தடவையா?... ஆமா, கட் பண்ணேன். உன் பேரைப் பாத்ததும் கட் பண்ணேன், போதுமா?

கூடு?... கூடு என்னாச்சுன்னு கேக்கறேன்ல!... இருக்கா? மூணுமா?... அவரை எப்படி நிறுத்தினே?... வேலிக்குள்ளயா? உள்ள போயா நிக்கிறே? பைத்தியமாடா நீ? அது சூரைமுள்ளு, வளைஞ்சு இருக்கும், இழுக்க இழுக்க மாட்டும்... சட்டையா?... முதுகுமா?... வெளியவே வர முடியலையா?

தோட்டக்காரரை வெட்டி எடுக்கச் சொல்லு... ஆமா. ஆமா, அதை வெட்டினா கூடு விழுந்துடும். சரி... சரி, அப்படியே நில்லு. சின்னக் கத்திரி என்கிட்ட இருக்கு, மாட்டின முள்ளை மட்டும் நறுக்கிடலாம். இருபது நிமிஷத்துல வந்துடறேன்...

உனக்காக ஒண்ணும் வரல. நீ அசைஞ்சா கூடு ஆடும்.

...

சிரிக்காதடா. சிரிச்சாலும் ஆடும். வை போனை.