றோசலின் வாங்கின ஸ்னோமொபைல்

— அதுக்கே வர விருப்பமில்லை, றோசலின். விடும்.

— மெசினுக்கு என்ன விருப்பம், ஹென்றி? உங்களுக்குத்தான் விருப்பமில்லை. தம்பி ராகவ், பட்டனைத் திருப்பி ஒருக்கா அமத்தும்.

— அமுத்திட்டேன் ஆன்ட்டி. மறுபடியும் ரெண்டு தடவ கீக் கீக்னு கத்துது, அவ்ளோதான். பெட்ரோல் ஃபுல்லா இருக்கு, பேட்டரியும் ஓகே. மேனுவல் பாக்கலாம்னா, ஐயோ, முழுக்க ஃப்ரெஞ்சு!

— இஞ்ச தாரும். சென்ட் லோரன்ட் மருந்துத் தொழிற்சாலையில நான் பேச்சு வாங்கினதெல்லாம் பிரெஞ்சிலதான். வாசிப்பன்.

— வாசியும், வாசியும். பேஸ்மென்ற்றில வாடகைக்கு இருக்கிற பிள்ளையையும் குளிரில நிப்பாட்டி வையும். உம்மட சிநேகிதி ஜொய்சி இப்ப ட்ரக்கோட வந்திடுவாள். ஓடாத வண்டியை அவள் காட்டுக்கு ஏத்திக்கொண்டு போவாளே? திங்கட்கிழமை கடையில திருப்பிக் குடுப்பம்.

— குடுக்கமாட்டன்.

— கோயிலில என்ன கதைக்கினம் தெரியுமோ? ஹென்றியின்ர மனிசிக்குப் பென்சன் எடுக்கிற வயசில விசர் எண்டு.

— கதைக்கட்டும். கதவைச் சாத்திக்கொண்டு இந்த ரொக்ஸ்பரோ வீட்டுக்குள்ள இருந்தது காணும். இந்தப் பனியை எத்தினை வருசமா வழிச்சு வழிச்சு எறிஞ்சனான். இண்டைக்கு அதுக்கு மேலால போகப்போறன்.

— சீட் பெருசா இருக்கே ஆன்ட்டி. ரெண்டு பேர் தாராளமா உட்காரலாம்.

— ரெண்டு பேருக்கெண்டுதான் வாங்கினனான், தம்பி. ஒராள் பொம்பிளைக்குப் பின்னால இருக்கமாட்டாராம்.

— பாக்கிறவன் சிரிப்பான், றோசலின்.

— மன்னாரில உங்கட மோட்டச்சைக்கிளுக்குப் பின்னால நான் இருக்கேக்குள்ள ஆர் சிரிச்சது? தம்பி, கேளும் கதையை. பள்ளத்தில தூக்கிப்போட, நான் ரோட்டில. இவர் கோயில் வாசல்வரைக்கும் தனியப் போய் நிப்பாட்டி, "இறங்கும்" எண்டாராம்.

— அய்யோ அங்கிள்!

— காத்து இரைச்சல், ராகவ். விழுந்தது கேக்கேல்லை.

— கேக்கேல்லையாம்! நான் முழங்கால் ரத்தத்தோட நடந்து வந்தனான்... பொறுங்கோ. இந்தா கிடக்கு. ரெண்டுதரம் கத்தினா மூடி சரியா இருக்கேல்லையாம். அந்தச் சிவப்புக் கயித்தின்ர நுனியில இருக்கிற மூடி. மற்ற நுனியை ஆளின்ர ஜக்கெட்டில கொழுவோணும். ஆள் விழுந்தா மூடி கழண்டு எஞ்சின் நிண்டிடுமாம்.

— மூடி போட்டுத்தானே இருக்கு... ஆன்ட்டி, இங்க பாருங்க. அடியில என்னமோ சுத்தியிருக்கு. மணி மணியா.

— கை வையாதையும் ராகவ்! அது செபமாலை. காலமை சுவாமி வந்து தீர்த்தம் தெளிச்சு மந்திரிச்சாப் பிறகு நான் சுத்தினது. காரெண்டா உள்கண்ணாடியில கொழுவலாம். இதில அந்தக் குமிழ்தான் வசதியா இருந்தது.

— அப்ப உங்கட செபமாலைதான் மூடியை இருக்கவிடேல்லை! ஒரு மணித்தியாலமா நாங்கள் பெற்றோலைப் பாக்கிறம், பற்றரியைப் பாக்கிறம்!

— அதைக் கழட்டேலாது, றோசலின். காவலில்லாமல் உம்மை விடமாட்டன்.

— காவல் என்ர கழுத்தில வரட்டும். தள்ளுங்கோ. இந்தா, போட்டாச்சு. தம்பி, இப்ப மூடியை அமத்தும்.

— டக்குனு உட்கார்ந்துடுச்சு! நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க ஆன்ட்டி.

— ஆ! கேக்குதோ ஹென்றி? இப்பவாவது கேக்குதோ?

— ஆன்ட்டி, பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலத் திறந்துட்டாரு!

— திறக்கட்டும்! பொன்ஜூர், மிஸ்யூ! ஓம், என்ரதான்! அங்க பாருங்கோ, ஜொய்சியின்ர ட்ரக்கும் திரும்புது. கயித்தைக் கொழுவினாச் சரி... ஹென்றி, மற்ற ஹெல்மெற்றை ஏன் தலையில போடுறியள்?

— கயித்தை உம்மட ஜக்கெட்டில கொழுவாதையும், றோசலின். என்ரயில கொழுவிவிடும். நான் விழுந்தா நீர் நிக்கோணும்.