வட்டத்துக்கு வெளியே

என் அக்கா வீட்டுக்காரரைப் போலக் கலகலப்பான மனிதரைப் பார்ப்பது அபூர்வம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பிடிக்காமல்தான் செய்தேன் என்று நீங்கள் பாட்டுக்கு எழுதிக்கொள்ளக் கூடாது. மாமா மரச்சாமான் கடை வைத்திருந்தார். கட்டில் வாங்க வந்தவன் தலையில் பீரோவையும் கட்டி அனுப்புகிற வாய் அவருக்கு.

நான் பெத்தாலஜி டாக்டர். நோயாளியின் முகத்தைப் பார்க்காமல், சதைத் துணுக்கை மட்டும் மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவன். வீட்டில் "இன்னிக்கு லேப்ல ஒரு..." என்று ஆரம்பிப்பேன். "எலி தப்பிச்சு ஓடிருச்சா மாப்ளே?" என்பார் மாமா. எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். என் கல்யாணத்தில் நான் ஆரம்பித்த நன்றியுரையை அவர்தான் முடித்துவைத்தார். என்னைவிட நன்றாகவே பேசினார்.

பிறகு அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் வந்தது. மூச்சு வாங்கியதில் பேச்சு குறைந்துபோயிற்று. ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தவன், பழக்கதோஷத்தில் பாதியில் நிறுத்தினேன். மாமா என்னைப் பார்த்து, "அப்புறம்?" என்றார். என்னிடம் அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய கட்டியை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். குறிப்பிட்ட ஒரு மாற்றம் இருந்தால் கீமோ ஊசி, டிரிப் ஒன்றும் வேண்டாம். தினம் ஒரு மாத்திரை போதும். எழுந்து கடைக்கே போய்விடலாம். கண்ணாடித் தகட்டில் புற்றணுக்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துப் பேனாவால் வட்டம் போடுவது என் வேலை. வட்டத்துக்குள் இருப்பதை மட்டும் சுரண்டி மெஷினுக்குக் கொடுப்பார்கள்.

மாமாவின் தகட்டில் புற்றணுக்கள் ஓர் ஓரமாக மொய்த்துக் கிடந்தன. அதற்குப் பக்கத்தில் ஒரு பாவமும் அறியாத நல்ல சதை. நான் அதைச் சுற்றி வட்டம் போட்டேன். மாற்றம் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது, நீங்களே படித்துப் பார்க்கலாம்.

டிரிப் ஏற்றினார்கள். வாந்தியும் அசதியுமாகப் படுத்திருந்தார். என் படிப்பு, லேபில் நடக்கும் கூத்து, மேலதிகாரியின் அற்பத்தனம் என்று ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாம் கேட்டார். "நீ வந்தாத்தான்டா அவருக்குத் தெம்பே வருது" என்றாள் அக்கா. பிறகு ஒருநாள் தயங்கித் தயங்கி, "வேற எங்கயாவது குடுத்து இன்னொருக்கா பாத்துரலாமா?" என்றாள்.

"வீட்லயே ஆள வெச்சுக்கிட்டு வெளிய எதுக்குக்கா? நானே பாக்கறேன்" என்றேன். இரண்டாவது வட்டத்தையும் நானேதான் போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டர் அம்மா கெட்டிக்காரர். ரிப்போர்ட்டோடு விடாமல் தகட்டையே வரவழைத்துப் பார்த்துவிட்டார். மறுபடி சோதித்ததில் அந்த மாற்றம் இருந்தது. மாத்திரையும் வந்தது. ஆனால் அதை விழுங்கக்கூட மாமாவுக்கு அப்போது சக்தி இல்லை.

அவர் சாகவேண்டும் என்று நினைத்தாயா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சேச்சே. கொஞ்சம் நோயாளியாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். மருந்து இருந்தும் கிடைக்காமல் செய்தவன் நான்தான். அதை மறுக்கவில்லை.

கடைசி நாள் அக்கா வெளியே டாக்டரிடம் அழுதுகொண்டிருந்தாள். நான் உள்ளே ஒரு பழைய ஆபீஸ் தகராறைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா என் கையைப் பிடித்து, என்னவோ சொல்ல வாயெடுத்தார்.

"இருங்க மாமா, இத முடிச்சுடறேன்" என்றேன்.

பொறுமையாகக் கேட்டார். நான் முடிக்கும்வரை ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை.