அடுத்த பீரியடுக்கு ஆசிரியர் வரமாட்டார்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் தலைமை ஆசிரியை அவர்களே! அறிவை அள்ளி அள்ளித் தந்து தொண்டையைத் தேய்த்துக்கொண்ட ஆசிரியப் பெருமக்களே! பெருமை பொங்கப் பின்வரிசை வரை நிறைந்திருக்கும் பெரியோர்களே! உடம்பு இங்கே இருந்தாலும் அடுப்பை அணைத்தோமா என்ற யோசனையில் உள்ளம் அங்கே இருக்கும் தாய்மார்களே! பள்ளி வாழ்வைப் பாங்காய் முடித்துக் கல்லூரி வாசலில் கால் வைக்கக் காத்திருக்கும் கண்மணிகளே! 'இந்த அம்மா எப்போது முடிப்பார்' என்று இப்போதே கைக்கடிகாரம் பார்க்கும் தம்பி, உனக்கும் சேர்த்து, அனைவருக்கும் என் வணக்கம்!

என்னைத் தெரியாதவர்கள் இந்த அரங்கில் இருக்கலாம். என் குரலைத் தெரியாதவர்கள் இருக்க முடியுமா? எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று பேருந்து நிலையத்தில் காலை முதல் மாலை வரை கத்துகிறதே ஒரு குரல், அது இந்தத் தொண்டையிலிருந்துதான் வருகிறது. இத்தனை வருடமாகப் பேசுகிறேன்; ஒருவராவது உட்கார்ந்து கேட்டதுண்டா? ஓடிக்கொண்டே கேட்டார்கள், ஏறிக்கொண்டே கேட்டார்கள், திட்டிக்கொண்டே கேட்டார்கள். இன்றுதான் உட்கார்ந்து கேட்கிறீர்கள். விடுவேனா நான்?

கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லுங்கள் என்று தலைமை ஆசிரியை கேட்டார். நான் என்ன பேராசிரியையா? கல்லூரிப் படியை மிதித்ததே ஒரே ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாள் போதும் ஐயா, ஏழு ஜென்மத்துக்கும் போதும்!

போன வருடம் இந்தப் பள்ளியில் முதலாவதாக வந்தாளே, அவள் என் மகள். வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். "அங்க வந்து பாப்பான்னு சொல்லிடாதம்மா, ப்ளீஸ்" என்று வரும் வழியெல்லாம் கெஞ்சினாள். சொல்லிவிட்டேன். அதோ, நாலாவது வரிசையில் முகத்தை மூடிக்கொண்டிருப்பவள்தான். கையை எடுடி, எல்லாரும் பார்த்தாச்சு!

அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது தெருவே திரண்டு வந்து புத்தி சொன்னது. "யார்கிட்டயும் வாய் குடுக்காத" என்றார் என் அண்ணன். "கூட்டம் சேராத பாப்பா, அங்க எல்லாம் கட் அடிக்கிற பசங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. வாயே திறக்காத என் வீட்டுக்காரர், கண்ணாடிக் கடையில் கண்ணாடி வெட்டுகிறவர், அவரும் தன் பங்குக்கு, "உன் இடத்த விட்டு எழுந்திரிக்காதம்மா" என்றார். நான் மட்டும் சும்மா இருந்தேனா? எல்லாவற்றுக்கும் மைக் இல்லாமலே இரண்டு முறை அறிவிப்புக் கொடுத்தேன்.

நல்ல பிள்ளை. சொன்னதை அப்படியே செய்தாள். வினையே அங்கேதான் பிடித்தது!

இந்தப் பள்ளியில் உங்களுக்கு ஓர் அறை. நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள்; மணி அடிக்கும்; கணக்கு டீச்சர் போவார், அறிவியல் சார் வருவார். எழுந்து நின்று ராகம் போட்டு வணக்கம் சொல்வீர்கள். அப்படித்தானே? ஆமாம் என்கிறீர்கள். கல்லூரியில் அது தலைகீழ். அங்கே ஆசிரியர் உங்களைத் தேடி வரமாட்டார். நீங்கள்தான் பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். இதை என் மகளுக்கு யார் சொன்னார்கள்? யாருமே சொல்லவில்லை!

முதல் நாள் முதல் வகுப்பு மொழிப்பாடம். முடிந்ததும் மொத்த வகுப்பும் மொத்தமாய் எழுந்து வெளியே போனது. பாப்பா பார்த்தாள். 'அடேயப்பா! முதல் நாளே கட் அடிக்கிறார்களே!' என்று நினைத்தாள். அவளா அசைவாள்? ஆணி அடித்ததுபோல் உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் வேறு மாணவர்கள் வந்தார்கள், வேறு ஆசிரியர் வந்தார். அது மூன்றாம் ஆண்டுக்காரர்களின் அறை. காலையில் ஒரே ஒரு வகுப்புக்குத்தான் முதலாம் ஆண்டுக்கு இரவல். பாப்பா மட்டும் தன்னந்தனியாக எழுந்து நின்று "வ…ணக்…கம் சார்" என்று நீட்டினாளாம். வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்த பெண் போலிருக்கிறது என்று சீனியர்கள் விட்டுவிட்டார்கள். அந்த ஆசிரியரோ கரும்பலகையோடு மட்டுமே பேசுகிற மகான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், இப்போது சிரிக்கலாம்.

வாரக்கணக்கில் அங்கேயே உட்கார்ந்தாள். பாடம் ஒரு வரி புரியவில்லை. கல்லூரி என்றால் கஷ்டமாகத்தான் இருக்கும் போல என்று கண்ணில் நீர் முட்ட முட்ட எழுதிக்கொண்டு வந்தாள். முதல் மதிப்பெண் வாங்கியவள், புரியவில்லை என்று எப்படிச் சொல்வாள்? வீட்டுக்கு வந்தால், "என் கிளாஸ்ல எல்லாரும் வெளிய சுத்துறாங்கம்மா. நான் மட்டும்தான் ஒழுங்கா உக்காந்திருக்கேன்" என்பாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நிலையத்தில் ஒரு கண்டக்டர் பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்தேன்.

ஒரு நாள் முற்பகல். நெரிசலான நேரம். வண்டி புறப்படும் அறிவிப்பைப் பாதி சொல்லியிருப்பேன், என் போன் அடித்தது. கல்லூரியிலிருந்து.

"உங்க பொண்ணு தினமும் முதல் வகுப்போட காணாமப் போயிடுறாங்கம்மா. லேபுக்கு ஒரு நாள்கூட வரல. இப்படியே போனா பேரை எடுத்துட்டு, காத்திட்டிருக்கிற வேற பிள்ளைக்கு இடத்தைக் குடுக்க வேண்டியதுதான்."

"ஐயோ! என் பொண்ணு காலேஜ்ல இல்லையா?"

நான் மைக்கை அணைக்கவில்லை. எல்லா நடைமேடையிலும் ஒலித்தது அந்த அலறல். ஓடிக்கொண்டிருந்த கூட்டம் நின்றது. என் வாழ்நாளில் என் அறிவிப்புக்காக ஊர் நின்றது அன்றைக்குத்தான். டிரைவர் தம்பி ஒருவர் ஓடி வந்து, "அக்கா, ஏறுங்க. அந்தப் பக்கம்தான் போறேன்" என்றார். வழியில் கண்ணாடிக் கடை வாசலில் என் வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டோம்.

தாய்மார்களே, அந்தப் பயணத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா? எங்கே போகிறாள்? யாரோடு போகிறாள்? பொய்யா சொன்னாள் என் பிள்ளை? அல்லது அவளுக்கு ஏதாவது ஆகி, சொல்ல முடியாமல் தவிக்கிறாளா? என் வீட்டுக்காரர் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். "கேட்டுக்குள்ள போறத என் கண்ணால பாத்துட்டுத்தானே வண்டியக் கிளப்புவேன்." டிக்கெட்டுக்கு எடுத்த சில்லறையைக் கீழே கொட்டினார். கண்ணாடி வெட்டும்போது இம்மி பிசகாத கை அது.

கேன்டீனில் தேடினோம், இல்லை. நூலகத்தில் தேடினோம், இல்லை. மாடிப்படி, மரத்தடி, சைக்கிள் ஸ்டாண்டு, எங்குமே இல்லை. அவளுடைய வகுப்புப் பெண்களைக் கேட்டால், "அவ எங்களோட பேசவே மாட்டா ஆன்ட்டி. எங்க கட் அடிச்சிட்டுப் போறாளோ தெரியல" என்றார்கள். நேரே அலுவலகத்துக்கு ஓடினேன். மேசைமேல் ஒரு மைக் இருந்தது. எல்லா வகுப்பறைக்கும் அதிலிருந்து ஒலிபெருக்கி இணைப்புப் போகிறது. யாரைக் கேட்டேன்? யாரையும் கேட்கவில்லை. எடுத்தேன். என்ன சொல்ல நினைத்தேனோ தெரியாது, வாய்க்குப் பழகியதுதான் வந்தது.

"பயணிகளின் அன்பான கவனத்திற்கு! பாப்பா… பாப்பா எங்கிருந்தாலும் உடனடியாக அம்மாவிடம் வரவும்!"

மூன்றாம் ஆண்டு வகுப்பில், முதல் பெஞ்சில், ஒருத்தி துள்ளி எழுந்தாள். "சார், அது எங்கம்மா. நான் போகலாமா சார்?"

கரும்பலகையிலிருந்து திரும்பிய அந்த மகான் முதல் முறையாக அவளைப் பார்த்தார். "தாராளமாப் போம்மா. ஆமா, நீ யாரு?"

வராந்தாவின் கோடியில் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள். அப்பாடா! அந்த ஒரு சொல்லை அன்று நான் சொன்னதுபோல் உலகில் எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அடிக்கக் கை ஓங்கினேன். அந்தக் கையாலேயே கட்டிக்கொண்டேன். "எங்கடி போனே?" என்று கதறினேன்.

"நான் எங்கயும் போகலம்மா! நான் மட்டுந்தான் எங்கயுமே போகல!"

துறைத்தலைவர் விவரத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் அவருடைய மூக்குக்கண்ணாடி கழன்றது. பெயரை எடுக்கவில்லை, விட்ட லேபையெல்லாம் சனிக்கிழமைகளில் வந்து செய்யச் சொன்னார். கட் அடிக்கிறார்கள் என்று அவள் ஒதுக்கிய அதே பெண்கள், அவளோடு கூடவே வந்து நின்று செய்து கொடுத்தார்கள். இப்போது அவர்கள் எங்கள் வீட்டை விட்டுப் போவதே இல்லை. பாடம் புரிகிறதா என்று கேட்டேன். "மூணாவது வருஷப் பாடம் கேட்டதுக்கு இதெல்லாம் சும்மாம்மா" என்கிறாள். திமிர்!

பிள்ளைகளே, என் பிள்ளை கெட்டவளா? இல்லை. மக்கா? இல்லவே இல்லை. அவள் கற்ற பாடமெல்லாம் உட்காரும் பாடம். எழும் பாடத்தை எவரும் கற்பிக்கவில்லை. இத்தனை வருடம் உங்களை உட்கார் என்றோம், பேசாதே என்றோம், அசையாதே என்றோம். இன்று நான் வாபஸ் வாங்குகிறேன்! எழுந்திருங்கள். வழி தெரியவில்லையா, வாயைத் திறந்து கேளுங்கள். பாடம் புரியவில்லையா, புரியவில்லை என்று சொல்லுங்கள். எல்லாரும் எழுந்து போகிறார்களா, எங்கே போகிறீர்கள் என்று பக்கத்தில் இருப்பவளையாவது கேளுங்கள். கேட்டால் என்ன குறைந்துவிடும்? ஒரு நிமிட வெட்கம், அவ்வளவுதான். கேளாமல் உட்கார்ந்தால் கிடைத்த இடமே கைநழுவும்.

பெற்றவர்களே, நமக்கும் ஒரு வார்த்தை. கேட் வரை கொண்டு விடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. சாயங்காலம் வந்ததும், "இன்னிக்கு யார்கிட்ட என்ன கேட்ட?" என்று மட்டும் விசாரியுங்கள்.

தம்பி மறுபடியும் கைக்கடிகாரம் பார்க்கிறார். முடித்துவிட்டேன், ராஜா. பொறுமையாய்க் கேட்ட அவைக்கும், மைக்கை என்னிடம் நம்பிக் கொடுத்த தலைமை ஆசிரியைக்கும், வீட்டுக்குப் போனதும் என்னோடு சண்டை போடப்போகும் என் பாப்பாவுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. இன்னும் சற்று நேரத்தில் இந்தப் பள்ளியின் மணி அடிக்கும். உங்களுக்காக அடிக்கும் கடைசி மணி அது. அடித்த பிறகு யார் வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள்.

பயணிகளின் அன்பான கவனத்திற்கு! உங்கள் வண்டி புறப்படத் தயாராக நிற்கிறது. எழுந்து போய் ஏறிக்கொள்ளுங்கள். வணக்கம்!