மிஸ் வெர்னா இறங்கி வந்த சுருதி

மேடையில் அமர்ந்திருக்கும் போதகர் ஈஸ்டெப் அவர்களே, கச்சேரிக் குழுவின் தலைவரும் என் தாய்மாமாவுமான ராய்ஸ் பென்னல் அவர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் வாத்தியக்காரர்களே, இந்த மழையிலும் மலைச்சரிவுகளிலிருந்து இறங்கி வந்திருக்கும் ஹேசல் ஃபோர்க் மக்களே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் ஓப்பல் டீட்டன். பத்தாம் வகுப்பு படிக்கிறேன். இரண்டு வருடங்களாக இந்த மேடையில் மிஸ் வெர்னாவுக்கு இடது பக்கம் நின்று, அவரோடு சேர்ந்து மேல்குரல் பாடியவள். அவருடைய இந்த நினைவுக் கூட்டத்தின் முடிவில் நன்றி சொல்லி, பக்கத்து அறையில் சாப்பாடு தயார் என்று அறிவிப்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை. அதை இப்போதே செய்துவிடுகிறேன். பன்றித் தொடையும் பீன்ஸும் சோள ரொட்டியும் கொண்டுவந்த எல்லா வீடுகளுக்கும் நன்றி. இனி நான் படிக்கப்போவது யாரும் சொல்லி எழுதியதல்ல. அம்மாவுக்குக்கூடக் காட்டவில்லை. படிக்கும்போது குரல் நடுங்கினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் குழு கூடப்போகிறது. அவர்கள் முன்னால் இருப்பது ஒரே கேள்வி. வரும் சனிக்கிழமை ஏழு மணிக்கு வானொலியில் நம் கச்சேரி தொடங்கும்போது முதல் பாட்டு யாருடைய குரலில் கேட்கவேண்டும்? இந்தப் பழைய புகையிலைக் கிடங்கில் மேடை போட்ட நாளிலிருந்து முதல் பாட்டு ‘வேலிக் கதவு’தான். அதைப் பாடியவர் மிஸ் வெர்னா ஸ்டிட்ஹாம்தான். அவருடைய பழைய இசைத்தட்டை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு, அதோடு சேர்ந்து வாத்தியங்களை வாசிக்கலாம் என்று மாமா சொல்கிறார். இந்த வாரம் மட்டுமல்ல, இனி எல்லா வாரமும். குழுவில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லத்தான் நான் எழுந்து நிற்கிறேன்.

யார் இந்த வெர்னா ஸ்டிட்ஹாம்? சுவரொட்டியில் ‘சனிக்கிழமையின் அரசி’ என்று போட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் சிரிப்பார். “அரசிதான், திங்கக்கிழமை காலைல பள்ளிக்கூட பஸ் ஓட்டுற அரசி” என்பார். உண்மைதானே? இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் எத்தனை பேர் அவருடைய பஸ்ஸில் ஏறிப் பள்ளிக்கூடம் போனீர்கள்? பிடில் வாசிக்கும் டெல்பர்ட் நேப்பியர் வாரம் முழுவதும் டயர் கடையில் நிற்கிறார். மாமாவுக்கு இரும்புக் கடை. நம் கச்சேரியில் யாருக்கும் பாட்டு மட்டும் தொழிலல்ல. சனிக்கிழமை மாலை கையைக் கழுவிக்கொண்டு வருகிறவர்கள்தான் எல்லோரும்.

நான் முதன்முதலில் இந்த மேடைக்கு வந்த நாளில், எப்படிப் பாடவேண்டும் என்று ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். மிஸ் வெர்னா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“உனக்கு நான் ஒண்ணும் சொல்லித்தரப் போறதில்லடி. என் கால மிதிக்காம நில்லு, அது போதும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நம் மேடையில் ஒரே ஒரு மைக்தான். பாடுகிறவர் முன்னால் வருவார், பிடில் வாசிக்க வேண்டிய நேரத்தில் அவர் விலகுவார், பிடில்காரர் உள்ளே நுழைவார். ஒருவர் நகர மறந்தால் கிட்டாரின் கழுத்து அடுத்தவர் மூக்கில் இடிக்கும். நான் முதல் வாரமே மிதித்தேன். பாட்டின் நடுவே, வாய் பாடிக்கொண்டிருக்க, அவர் முழங்கையால் என் விலாவில் ஒரு இடி கொடுத்தார். வானொலியில் கேட்டவர்களுக்கு எதுவும் தெரிந்திருக்காது.

வெள்ளம் வந்த வருடத்தை நினைத்துப் பாருங்கள். ஓடை ஏறி வந்து பாதி ஊரை அடித்துக்கொண்டு போனது. வீடு இழந்தவர்கள் இந்தக் கூடத்தில்தான் கட்டில் போட்டுப் படுத்திருந்தார்கள். சனிக்கிழமை வந்தது. இந்த நேரத்தில் கச்சேரியா என்று சிலர் கேட்டார்கள். மிஸ் வெர்னா ஜெனரேட்டரை இழுத்துவந்து வைக்கச் சொன்னார். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே, பத்திரமாக இருப்பவர்களின் பெயர்களை மைக்கில் சொன்னார். இன்னார் சித்தி வீட்டில் இருக்கிறார், இன்னாருடைய நாய் பாலத்தடியில் கிடைத்தது, இன்னார் மாத்திரை வேண்டும் என்று கேட்கிறார். மலைக்கு மேலே தகவல் இல்லாமல் தவித்தவர்கள் வானொலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தங்கள் வீட்டுப் பெயர் வருகிறதா என்று கேட்டார்கள். என் அப்பாவின் பெயரை நாங்கள் அப்படித்தான் கேட்டோம். எந்த இசைத்தட்டால் அதைச் செய்ய முடியும்?

இப்போது நான் சொல்லப்போகும் சம்பவம் உங்களில் பலருக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் இருப்பதால் முழுதாகச் சொல்கிறேன்.

‘வேலிக் கதவு’ இசைத்தட்டில் சி சுருதியில் இருக்கிறது. இளம் வயதில் பாடியது. வயது ஏற ஏற மிஸ் வெர்னாவின் குரல் இறங்கியது. மேல் ஸ்வரத்தில் சிரமப்படுவதை மாமாதான் முதலில் கவனித்தார். தன் கிட்டாரின் கழுத்தில் மாட்டும் இடுக்கியை ஒரு கட்டம் கீழே இறக்கி மாட்டினார். பாஞ்சோக்காரரும் அப்படியே செய்தார். சுருதி அரைப்படி இறங்கியது. மிஸ் வெர்னா வழக்கம்போலப் பாடினார். சில வருடம் கழித்து இன்னும் அரைப்படி. பிறகு இன்னொன்று.

பாவம் டெல்பர்ட். பிடிலுக்கு இடுக்கி கிடையாது. ஒவ்வொரு முறையும் விரல்களை மாற்றி அந்தப் பாட்டைப் புதிதாகப் பழகவேண்டும். நடுவில் இருந்த இரண்டு சுருதிகளிலும் விரலை வைக்க இடமில்லாமல் அவர் பட்ட பாட்டை இன்றும் சொல்வார். அவற்றுக்கும் கீழே இருக்கும் ‘ஏ’ சுருதி பிடிலுக்குச் சுலபம். அந்தம்மாவின் குரல் சீக்கிரம் ‘ஏ’வுக்கு இறங்கவேண்டும் என்று தேவாலயத்தில் பிரார்த்தனை செய்த ஒரே ஆள் தான்தான் என்பார். போதகர் ஐயா மன்னிக்கவேண்டும்.

இத்தனையும் மிஸ் வெர்னாவுக்குத் தெரியாமல் நடந்தது. வஞ்சகமா? இல்லை. அன்பு. அவர் மனம் நோகக்கூடாது என்று ஒரு வாத்தியக் குழு முழுவதும் சேர்ந்து காத்த ரகசியம் அது.

பிறகு டெல்பர்ட்டுக்குச் சிறுநீரகக் கல் வந்தது. அவருக்குப் பதிலாக ஒஹாயோவிலிருந்து கர்ட்டிஸ் என்ற இளைஞர் வந்தார். நல்ல வாசிப்புக்காரர். வரும் வழியெல்லாம் காரில் இசைத்தட்டைக் கேட்டுப் பழகிக்கொண்டு வந்தார். ஒத்திகைக்கு நேரமில்லை. அவரிடம் சொல்லவேண்டிய ஒரு விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

அன்று நான் இரண்டாம் வகுப்புச் சிறுமி. மூன்றாம் வரிசையில் அம்மாவோடு உட்கார்ந்திருந்தேன். ‘வேலிக் கதவு’ தனிப் பிடிலில் ஆரம்பிக்கும் பாட்டு. மணி ஏழு. ஒலிபரப்பு தொடங்கிவிட்டது என்று காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது. கர்ட்டிஸ் அழகாக ஆரம்பித்தார், சி சுருதியில். மாமாவின் முகம் மாறியது. அவசர அவசரமாக இடுக்கியை ஏற்றினார். பாஞ்சோக்காரர் பாதி ஏற்றுவதற்குள் பாட்டு வந்துவிட்டது. மிஸ் வெர்னா முதல் அடியைப் பாடினார். இரண்டாம் அடியின் மேல் ஸ்வரத்தில் அவர் குரல் உடைந்தது. நன்றாகவே உடைந்தது.

அவர் கையைத் தூக்கினார். வாத்தியங்கள் நின்றன. நேரடி ஒலிபரப்பில், இந்தக் கூடம் நிறைய ஆட்கள் இருக்க, அவர் பிடில் பக்கம் திரும்பினார்.

“தம்பி, எந்தச் சுருதில எடுத்த?” என்று கர்ட்டிஸிடம் கேட்டார்.

“ரெக்கார்டுல இருக்குற அதே சுருதிதாங்க மேடம்.”

மிஸ் வெர்னா பாஞ்சோக்காரரைப் பார்த்தார். அவர் தன் காலணியைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மாமாவும் காலணியைப் பார்த்தார். மிஸ் வெர்னாவுக்குப் புரிந்துவிட்டது. திரும்பி, மைக்குக்கு நேராக வந்தார்.

“மக்களே, எனக்கு வயசாயிடுச்சுன்னு இந்தப் பசங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு மட்டும்தான் ஒருத்தனும் சொல்லல. பரவால்ல. டேய், இப்ப என் குரல் எந்த வீட்ல குடியிருக்கோ அந்த வீட்டுக்கு வாங்க. விலாசம் உங்களுக்குத்தான் தெரியுமே.”

கூரை இடிந்து விழுமோ என்று பயப்படும்படி கூடம் சிரித்தது. பிறகு ‘ஏ’ சுருதியில் அந்தப் பாட்டைப் பாடினார். சிரித்தவர்கள் கைக்குட்டையைத் தேடினார்கள். என் அம்மாவும் தேடினார்.

இது உங்களுக்குத் தெரிந்த கதை. மேடைக்குப் பின்னால் நடந்தது பலருக்குத் தெரியாது. மாமாவே எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சொன்னதால் எனக்குத் தெரியும். மாமா மன்னிப்புக் கேட்கப் போயிருக்கிறார். மிஸ் வெர்னா காலணியைக் கழற்றிக்கொண்டே பேசினாராம்.

“சுருதியக் குறைச்சது தப்பில்ல ராய்ஸ். என்னைக் கேக்காம குறைச்ச பாரு, அதுதான். நான் இன்னும் பழைய வெர்னான்னு நினைச்சுக்கிட்டு நின்னேன். அத்தன பேர் முன்னால என்னைப் பொய்யா நிக்க வெச்சுட்ட.”

அடுத்த நொடி அவரே சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாராம். ஆப்பிள் பை இருந்தது. இருவரும் சாப்பிட்டார்களாம்.

அன்றிலிருந்து என்ன நடந்தது? குரல் இறங்கிய ஒவ்வொரு வருடமும் முதல் கச்சேரியில் மிஸ் வெர்னா தானே மைக்கில் அறிவித்தார். இந்த வருடம் இன்னும் அரைப்படி இறங்கிவிட்டேன் என்று பெருமையோடு சொன்னார். நாம் கைதட்டினோம். உலகத்தில் எந்தப் பாடகி தன் குரல் இறங்கியதை மேடையில் அறிவித்துக் கைதட்டல் வாங்கினார்? நம் வெர்னா வாங்கினார். தாழ்ந்த சுருதியில் அந்தப் பாட்டு இன்னும் நன்றாக இருந்தது. வேலிக் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு அது. சி சுருதியில் அவள் காத்திருக்க ஆரம்பித்தவள். கடைசியில் அவர் பாடிய சுருதியில், அவள் வெகுகாலம் காத்திருந்தவள்.

இப்போது அந்த இசைத்தட்டை ஓடவிடலாம் என்கிறோம். அதில் இருப்பது எந்த வெர்னா? அவரே எல்லோர் முன்னாலும் விட்டுவிட்டு இறங்கி வந்த வெர்னா. இடுக்கிகளை மறுபடி மேலே ஏற்றி, சி சுருதியில் அவரை நிறுத்தி, அவர் இன்னும் அப்படியே இருக்கிறார் என்று வானொலியில் சொல்லப்போகிறோமா? முன்பு அவருக்குத் தெரியாமல் சுருதியைக் குறைத்தோம். இப்போது அவருக்குத் தெரியாமல் கூட்டப்போகிறோமா? அன்று கையைத் தூக்கி நிறுத்த அவர் இருந்தார். இந்தச் சனிக்கிழமை யார் கையைத் தூக்குவது?

மாமா, உங்களிடம் இதை வீட்டில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நீங்கள் கல்நெஞ்சக்காரர் அல்ல என்பது எனக்குத் தெரியும். அவர் நின்ற இடத்தில் வேறொருவரைப் பார்க்க உங்களால் முடியவில்லை. போன வாரம் ஒத்திகையில் அந்த மைக்கை நீங்கள் துணி போட்டு மூடிவைத்ததைப் பார்த்தேன். இன்னும் அது அப்படியே இருக்கிறது. சமையலறையில் நீங்கள் அம்மாவிடம் சொன்னதும் காதில் விழுந்தது. “அவ சின்னப் பொண்ணு. மைக்கு முன்னாடி தடுமாறி நின்னா ஊரு அத மறக்காது. எதுக்கு அந்தப் புள்ளைக்கு இது” என்றீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் சொன்னீர்கள். மிஸ் வெர்னாவையும் அப்படித்தான் காப்பாற்றினீர்கள்.

நான் தடுமாறலாம். குரல் உடையவும் கூடும். குரல் உடைந்த பிறகும் இந்த மேடையில் பாட்டு பாடப்பட்டிருக்கிறது. இந்தக் கூடத்துக்கு அது புதிதல்ல. நம் கச்சேரி இத்தனை காலம் நின்றது அழகான குரலால் அல்ல. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏழு மணிக்கு, உயிரோடிருக்கும் யாரோ ஒருவர் அந்த மைக்கின் முன்னால் வந்து மூச்சை இழுத்துப் பாடியதால் நின்றது. அது நானாக இருக்கவேண்டும் என்று இல்லை. வேறு யாராவது முன்வந்தால் நான் என் பழைய இடத்தில், இடது பக்கம் நிற்பேன். யார் காலையும் மிதிக்கமாட்டேன். ஆனால் இதுவரை யாரும் முன்வரவில்லை. அதனால் நான் வருகிறேன்.

மிஸ் வெர்னா ஸ்டிட்ஹாம் அவர்களே, உங்களைப்போலப் பாடுவேன் என்று நான் உறுதி கூறவில்லை. அப்படிச் சொன்னால் முழங்கையால் இடிப்பீர்கள். ஆனால் இந்தக் கச்சேரி ஒரு சனிக்கிழமைகூடப் பொய்யான குரலில் தொடங்காது என்று உறுதி கூறுகிறேன். என் குரல் எங்கே இருக்கிறதோ அங்கேயே பாடுவேன். அது மாறினால் மைக்கில் சொல்வேன். வெள்ளம் வந்தால் பெயர்களைப் படிப்பேன். இங்கிருக்கும் வாத்தியக்காரர்கள் என்னோடு நிற்பார்கள் என்று நம்புகிறேன்.

குழு முடிவு செய்வதற்கு முன்னால் ஒரு வேண்டுகோள். கேட்காத குரலைப் பற்றி அறைக்குள் பேசவேண்டாம். இங்கேயே கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். சரியில்லை என்றால், மாமா, என் முகத்துக்கு நேராக, இவர்கள் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். தாங்கிக்கொள்வேன்.

டெல்பர்ட் அங்கிள், பிடிலை எடுங்கள். மாமா, நீங்களும் கிட்டாரை எடுத்துக்கொண்டு வாருங்கள். என்னுடைய சுருதி டி. மைக்கின் மேல் இருக்கும் அந்தத் துணியை நான் எடுக்கிறேன்.