கொமாண்டர் சபாரத்தினமும் கொடி கிழிந்த கப்பலும்

அவையை அன்பால் ஆளும் தலைவர் வாகினி அம்மையார் அவர்களே! கணவர் கொமாண்டரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு எங்களை மதித்து வந்திருக்கும் சுசீலாதேவி அம்மா அவர்களே! லக்கலையிலிருந்து இருக்கிற ஒரே பஸ்ஸைப் பிடித்து வந்த பெரியவர்களே! இடமின்றி நின்றாலும் முகம் சுளிக்காத தாய்மாரே! உங்கள் அனைவருக்கும் அச்சகக்காரன் நப்லானின் அன்பும் சலாமும்!

கடற்படையில் முப்பது ஆண்டு. பின்னர் பல்கலைக்கழகங்களில் சர்வதேச உறவுகள் பற்றிய ஆய்வு. பெரிய நாடுகள் முட்டிக்கொள்ளும் இந்து சமுத்திரத்திலே சின்ன நாடு எப்படித் தலைதப்பும்? அதுவே கொமாண்டர் சபாரத்தினத்தின் வாழ்நாள் கேள்வி. என்ன தம்பி, மாத்தளைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்றா கேட்கிறீர்? நானும் அப்படித்தான் கேட்டேன், கேட்டுத்தான் மாட்டிக்கொண்டேன்!

இரண்டு வருடங்களுக்கு முன்னர் ஒரு துண்டுப்பிரசுரம் அடிக்க வந்தார். 'சர்வதேச உறவுகள்: ஓர் அறிமுகம்' என்று தலைப்பு. இதற்கு ஒரு காக்கையும் வராது என்று நினைத்த இந்த மேதாவி, அவரைக் கேளாமலே மாற்றி அடித்தேன். எப்படி? 'வெளிநாட்டு உறவுகள் பற்றி இலவச விளக்கம்!'

சிரிக்காதீர்கள். மண்டபம் நிரம்பியது! யார் வந்தார்கள்? சவூதியில் மகளை விட்டவர் வந்தார், கட்டாரில் கணவனை விட்டவர் வந்தார், கையில் பாஸ்போர்ட் கொப்பியோடு வந்தார்! உறவு என்றால் எங்களுக்கு யார்? சொந்தக்காரர்தானே! கதவோரம் நின்ற நான் மெல்ல வெளியே நழுவப் பார்த்தேன்.

முதலில் எழுந்தவர் கைறுன்னிஸா ராத்தா.

"ஸேர், என்ட மகன் ஹுஸ்னி கப்பல்ல ஈக்கிறான். மொதலாளி கப்பல உட்டுட்டு ஓடிட்டான். ஏழு மாசமா நங்கூரம் போட்டு நிக்கிது, எறங்கவும் உடுறாங்க இல்ல. நான் எந்த நாட்டுக்காரன்கிட்டப் போய்க் கேக்கிற?"

எந்த நாடு? கொடி ஒரு நாட்டுடையது, முதலாளி மறு நாட்டவன், துறைமுகம் மூன்றாம் நாடு, பெற்ற பிள்ளையோ எங்கள் நாடு!

"மகன்ட கப்பலில என்ன கொடி பறக்குது? கேட்டுச் சொல்லுங்கோ" என்றார் கொமாண்டர்.

ராத்தா அங்கேயே வாட்ஸ்அப்பில் அழைத்தார். சபை முழுக்கக் கேட்டது அந்தக் குரல்: "கொடி கிழிஞ்சி பறந்துட்டு உம்மா. தண்ணிதான் முடியப் போகுது."

எத்தனை நூல் கற்ற மனிதர்! எத்தனை நாட்டில் உரையாற்றிய மனிதர்! என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கு விடை தெரியேல்லை அம்மா. படிச்சுப்போட்டு வாறன்."

படித்தார்! கொடி நாட்டுக்கு எழுதினார், துறைமுக நாட்டுக்கு எழுதினார், மாலுமிகள் சங்கத்துக்கு எழுதினார். 'எங்கள் பொறுப்பல்ல' என்று வந்த பதில்களுக்கும் பதில் எழுதினார். ஐந்தாம் மாதம் ஹுஸ்னி வீடு வந்து சேர்ந்தான். அதோ, இரண்டாம் வரிசையில் வெட்கப்பட்டுக் குனிகிறான், கைதட்டுங்கள்!

அன்றைய விளக்கம் ஞாயிறுதோறும் வகுப்பாகவே தொடர்ந்தது அல்லவா, அடுத்த ஞாயிறு ராத்தா ஒரு தாளோடு வந்தார். "என்ட மகன் வந்துட்டான், அல்ஹம்துலில்லாஹ். அங்க இன்னம் ஒம்பது புள்ளைகள் ஈக்கிது ஸேர். இது அவங்கட பேரு. எல்லாம் வேற வேற நாடு. அவங்கட உம்மாமாரும் அழுவாங்கதானே?"

அன்று வகுப்பு நடக்கவில்லை. கொமாண்டர் அழுதார். நானும் அழுதேன், சொல்ல எனக்கென்ன வெட்கம்!

சபையோரே! அவருடைய ஆய்வுகளை அறிஞர்கள் ஆராயட்டும், பட்டம் பெறட்டும், பாராட்டட்டும். நான் கேட்பது வேறு. அந்த ஒன்பது பேரில் ஐவரை அவர் வீடு சேர்த்தார். மிச்சம் நால்வர். அவர்களுக்காகத் துறைமுக நாட்டுக்கு எழுதத் தொடங்கிய கடிதம் பாதியில் நிற்க, அவர் கண்ணை மூடிவிட்டார். சுசீலாதேவி அம்மா அதைக் கொண்டுவந்து தந்தார். ஹுஸ்னி நேற்று எழுதி முடித்தான். இன்று காலை கப்பலோடு பேசினோம்; இன்னும் பதினொரு நாளைக்குத்தான் தண்ணீர் இருக்கிறதாம்.

கடிதம் வாசல் மேசையில் இருக்கிறது, பேனையும் இருக்கிறது. செவி கொடுத்த அனைவருக்கும் நன்றி. கையொப்பமும் கொடுத்துவிட்டுப் போங்கள். கொடுக்காமல் நழுவுகிறவரைப் பிடிக்க வாசலில் கைறுன்னிஸா ராத்தா நிற்கிறார். வணக்கம்! சலாம்!