ரேக்கில் இருக்கும் புது பிஸ்டன்கள்

ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

கார் என் மருமகன் கோதண்டபாணியுடையது. பிரேக்கை விட்ட பிறகும் முன் சக்கரம் பிடித்து இழுக்கிறது என்று என் ஷெட்டுக்குக் கொண்டுவந்தான். கழற்றினேன். பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பருக்குள் இருந்த பிஸ்டன்கள் துருப்பிடித்து, அம்மை வார்த்த மூஞ்சி மாதிரி குழி குழியாக இருந்தன.

"உரசி கிரசி ஒப்பேத்திடாதீங்க மாமா. போன்ல வீடியோ பாத்துகினுதான் வரேன்" என்றான். புது பிஸ்டன்களையும் அவனே வாங்கி வந்திருந்தான். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

அதோடு விட்டானா? "ஆடிக் கிருத்திகைக்குள்ள ஷெட்டை இடிச்சிட்டு லாட்ஜ் கட்டிடலாம். நீங்க வாசல்ல சேர் போட்டு உக்காந்துகினு இருங்க."

என் இடத்தில் எனக்குச் சேர் போடுகிறான்.

பழைய பிஸ்டன்களையே உப்புத்தாளில் தேய்த்துத் திரும்பப் போட்டேன். குழி விழுந்த பிஸ்டன் ரப்பர் வளையத்தை அறுக்கும். எண்ணெய் கசியும். மலை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் பெடல் தரைவரை போய்விடும், பிரேக் பிடிக்காது. தெரிந்துதான் போட்டேன். புதியவை என் ரேக்கில் பத்திரமாக இருக்கின்றன, போய்ப் பாருங்கள். நான் திருடன் இல்லை.

ரிப்பேர் பார்த்த வண்டியை மலைக் கோயிலுக்கு ஏற்றிப் பூஜை போடுவது எங்கள் வழக்கம். எலுமிச்சம்பழம் என் செலவு. நான்கையும் சக்கரங்கள் சுத்தமாக நசுக்கின. முருகன் பார்த்துக்கொண்டு சும்மாத்தான் நின்றான். விசாரிப்பதென்றால் அவனையும் கூப்பிட்டு விசாரியுங்கள்.

என் மகள் சந்திரா வேண்டுதலுக்காகப் படியேறி வந்தவள். இறங்குவதும் படியில்தான் என்றிருந்தாள். பூஜை முடிந்ததும் காரில் புருஷன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள்.

"முட்டி புடிச்சிகினு இருக்குது நைனா. நீயும் ஏறு."

"நீ போம்மா. நான் படியில வரேன்."

"நீ ரிப்பேர் பண்ண வண்டியையே நம்ப மாட்டியா? எதைத்தான் நம்புவே நீ?" என்று சிரித்தாள். கதவை நான்தான் சாத்தினேன்.

பாதிப் படியில் இருந்தபோது சத்தம் கேட்டது. மிச்சப் படியையும் நிதானமாகத்தான் இறங்கினேன். எனக்கும் முட்டி உண்டு.

அவளையாவது இறக்கிக் கூட்டிவந்திருக்கலாமே என்கிறீர்கள். வாய் வரை வந்தது சார். ஆனால் கூப்பிட்டிருந்தால் அவன் உடனே பிரேக்கைத்தான் பார்த்திருப்பான். மாமனார் செய்த வேலையைக்கூட நம்பாதவன். அவனுடைய அந்தச் சந்தேகப் புத்தியால்தான் என் பெண் செத்தாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.