புற்று என்று பால் ஊற்றிய மேடு

இரவு பதினொன்றரை இருக்கும். ஆந்திர எல்லையில், நகரி ரயில் ஸ்டேஷனை விட்டு ஊருக்கு வெளியே போகிற சாலை. விளக்கு இல்லை. இரண்டு பக்கமும் மாந்தோப்பு. ஒரு ஸ்கூட்டர் போகிறது... ஓட்டுவது ஒரு பெண். பின்னால் அவள் புருஷன், மடியில் ஒரு பையோடு.

நெருங்கி உட்காருங்கள். கரண்ட் இப்போதைக்கு வராது. டிரான்ஸ்பார்மர் வெடித்த சத்தம் நம் எல்லாருக்கும்தான் கேட்டது. பிரித்திகா, அந்த செல்போன் வெளிச்சத்தை அணைத்துவிடு, பூச்சிதான் வரும். இது நம் ஹாஸ்டலில் என் அறையில் இருக்கும் ரோஜாவின் வீட்டில் நடந்தது. அவள் இந்த வாரம் ஊருக்குப் போயிருப்பதால்தான் சொல்கிறேன். இருந்தால் சொல்ல விடமாட்டாள்.

ஸ்கூட்டரை ஓட்டியது ரோஜாவின் அண்ணி தாட்சாயணி. பின்னால் இருந்தது அண்ணன் கிரண்குமார். ஜேசிபி ஓட்டுகிறவன். ஏதோ ஒரு தீவில் வேலை பார்த்துவிட்டு ஏழு மாதம் கழித்து வீட்டுக்கு வருகிறான்.

பாதி வழியில் அவள் தோளைத் தொட்டான்.

"மெதுவாப் போ தாட்சா. பின்னாடி நடந்து வருது."

"இன்னா வருது? நாயா?"

"திரும்பிப் பாக்காத."

அவள் திரும்பிப் பார்த்தாள். தாட்சாயணி அப்படித்தான்... பார்க்காதே என்றால் பார்ப்பாள். வண்டியை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தாள். சாலையில் ஒன்றுமில்லை. ஆனால் சத்தம் இருந்தது. வெறும் தார்ச்சாலையில், யாரோ காலால் மணலை வாரிப் பின்னுக்குத் தள்ளுகிற மாதிரி. சரக்... கொஞ்சம் நின்று... சரக். அப்புறம் ஒரு வாசனை. ஊறி அழுகின இலையும் கடலும் கலந்த வாசனை.

நகரியில் கடல் எங்கே இருக்கிறது?

அவன் போயிருந்த தீவு அந்தமானையும் தாண்டித் தெற்கே. காட்டை வெட்டி ரோடு போடுகிற வேலை. சிக்னல் கிடைக்கிற நாளில் மேட்டில் ஏறி நின்று அவளோடு பேசுவான். தேங்காயை ஓட்டோடு உடைத்துத் தின்கிற நண்டைப் பற்றிச் சொல்வான். கட்டில் அகலத்துக்கு ஓர் ஆமை கரையேறி முட்டை வைத்ததையும், அப்போது அதன் கண்ணில் தண்ணீர் கொட்டியதையும் சொல்வான். கழுத்தில் பச்சைப் பச்சையாக மயிர் தொங்குகிற புறா. வௌவாலா நரியா என்று தெரியாத ஒன்று, மரம் முழுக்க.

"இங்க கீற பாதி உயிருங்க உலகத்துல வேற எங்கியும் இல்லியாம், தாட்சா. ஆராய்ச்சிக்கு வந்த மேடம் சொன்னாங்க."

"வேற எங்கியும் இல்லன்னா எதுக்குய்யா வெட்றீங்க?"

லைன் கட்டானது. சிக்னல் போனதா, அவனே வைத்துவிட்டானா என்று அவளுக்குத் தெரியாது.

கார்த்திகையில் நாகுல சவிதி வந்தது. நம் பக்கத்தில் அன்றைக்கு என்ன செய்வோம்... புற்றுக்குப் பால் ஊற்றி, முட்டை வைத்து, அந்த மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்துக் காதில் தடவிக்கொள்வோம். பால் ஊற்றிய புற்றை அதற்கப்புறம் யாரும் தொடமாட்டார்கள். வீடு கட்டினால்கூடச் சுவரை வளைத்துக் கட்டுவார்கள். கிரண்குமாருக்கு அந்தத் தீவில் ஊர் ஞாபகம் தாங்கவில்லை. கடற்கரை ஓரம், மரத்தடியில், ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு. தொட்டுப் பார்த்தால் வெதுவெதுப்பு. பெரிய பாம்பு படுத்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டான். பவுடர் பாலைக் கரைத்து ஊற்றினான். மெஸ்ஸிலிருந்து வாங்கிய முட்டையை வைத்தான். மண்ணை எடுத்து இரண்டு காதிலும் தடவிக்கொண்டான். வீட்டுக்கு என்று கொஞ்சம் துணியில் முடிந்து வைத்தான்.

அடுத்த வாரம் ரோடு அந்த மரத்தடிக்கு வந்தது. சூபர்வைசர் கையைக் காட்டினான். இவன் முடியாது என்றான். முடியாது என்றால் கப்பல் ஏறு என்றான் அவன். கிரண்குமார் கண்ணை மூடிக்கொண்டு பக்கெட்டை இறக்கினான்.

இதையெல்லாம் அவன் ஊருக்கு வந்த அன்று, விடிகிற வரை உட்கார்ந்து தாட்சாயணியிடம் சொன்னான்.

"உள்ள பாம்பு இல்ல. முட்ட. நம்ம கோழி முட்ட மாதிரி மூணு பங்கு பெருசு. அது புத்தே இல்ல தாட்சா. ஒரு பறவை கட்ற மேடு. காலால மண்ணையும் எலையையும் வாரி வாரிப் போட்டுக் கட்டுமாம். முட்டைய உள்ள பொதச்சிட்டுப் போயிடுமாம். எல அழுகற சூட்டுல அதுவா பொரியுது. குஞ்சு தானே தோண்டிக்கினு வெளிய வரும். அம்மா யாரு, நைனா யாருன்னு அதுக்குத் தெரியாது. வரும்போதே முழு எறக்கையோட வரும்."

"நீ பாத்தியா?"

"பக்கெட்டு பல்லுல ஒண்ணு இருந்துச்சு. பாதி. என்னைப் பாத்துச்சு." அவன் காதை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டான். "அன்னியிலேர்ந்து காதுல கேட்டுக்கினே கீது. எவ்ளோ கழுவினாலும் போகல."

பையிலிருந்து துணி முடிச்சை எடுத்து நீட்டினான். தாட்சாயணி அதை வாங்கிப் பின்வாசலுக்குப் போய், வேப்பமரத்தடியில் உதறிக் கொட்டிவிட்டு வந்து படுத்துக்கொண்டாள்.

அவர்கள் வீட்டு முன்கொட்டகையில் இரண்டு பவர்லூம். இரவிலும் ஓடும். அந்தத் தடதடப்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது சத்தமே இல்லை. தறி நின்றால்தான் தூக்கம் கலையும். நாலைந்து நாள் கழித்து ஒரு ராத்திரி கரண்ட் போனது. தறி நின்றது. தாட்சாயணி விழித்துக்கொண்டாள். பக்கத்தில் அவன் இல்லை.

சரக்... சரக்...

பின்வாசல் திறந்திருந்தது. வேப்பமரத்தடியில் கிரண்குமார் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான். ஒற்றைக் காலில். இன்னொரு காலால் மண்ணை வாரிப் பின்னால் தள்ளினான். சருகு, நூல் கழிவு, சாம்பல், எல்லாம் போய் ஒரே இடத்தில் விழுந்தது. கால் மாற்றிக்கொண்டான். மறுபடியும். அவள் முன்னால் போய் நின்றாள். கண் திறந்துதான் இருந்தது. அவளை மரத்தைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, சுற்றிக்கொண்டு போய் மறுபக்கம் வாரினான்.

மேடு முழங்கால் உயரம் இருந்தது. பனியில் அதிலிருந்து ஆவி கிளம்பியது.

அதற்கப்புறம் அவன் ஒவ்வொருவராக மறந்தான். முதலில் தாய்மாமா பாலசுப்பிரமணியனை. "அவரு யாரு?" என்று கேட்டான்; கிண்டல் என்று சிரித்தார்கள். ரோஜா இங்கிருந்து போன் பண்ணியபோது, "எந்த ரோஜாங்க?" என்றான். அன்று இந்த வராந்தாவில்தான் அவள் உட்கார்ந்து அழுதாள். பிறகு பெற்ற அம்மா வெங்கடலட்சுமியை. மேடு இடுப்பளவு வந்தது. ஒரு காலை தாட்சாயணி காபியைக் கொண்டுபோய் வைத்தாள்.

"வச்சிட்டுப் போங்கம்மா," என்றான்.

நான் இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன். பேய் என்றால் கத்தலாம், ஓடலாம். ஆனால் நம்மைத் தெரிந்த ஒரே ஆள் நம்மை மரியாதையாகப் பார்க்கிறான்... அதற்கு என்ன செய்வது? யாரும் நம்மைத் தெரிந்துவைத்திருக்காவிட்டால் நாம் எங்கே இருக்கிறோம்? தாட்சாயணி அன்று கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாளாம். அழவில்லை. தன் பேரைத் தானே சத்தமாகச் சொல்லிப் பார்த்தாளாம். சொல்லச் சொல்ல அவளுக்குக் கோபம் வந்ததாம்.

வீட்டில் முடிவு பண்ணிவிட்டார்கள். கிரண்குமாரை உள்ளறையில் வைத்து வெளியே பூட்டினார் மாமா. சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். சாயங்காலம் ஒரு ஜேசிபி வந்து பின்பக்க வேலியைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தவன் தனசேகர், அதே தெருப் பையன். மேட்டைத் தரைமட்டமாக்கி மண்ணை ஏரியில் கொட்டுவதாக ஏற்பாடு.

தாட்சாயணி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேட்டின் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"எறங்குக்கா," என்றான் தனசேகர். "எனக்கு இன்னொரு எடத்துல வேலை கீது."

"போயேன். நானா உன்னைக் கூப்ட்டேன்?"

மாமாவுக்குக் கோபம் வந்தால் தெலுங்கு. "ஏமே, பிச்சா நீக்கு?" என்று, பைத்தியமா உனக்கு என்று கத்தினார். "அந்த மேடுதான்டி அவனைத் துன்னுது! எறங்குடி!"

"ஒருவாட்டி இடிச்சதுக்குத்தான் மாமா இவ்ளோ. ரெண்டாவுது வாட்டி இடிச்சா வீட்ல ஒருத்தர் பேரு ஒருத்தருக்குத் தெரியாது. பரவால்லியா?"

"அதெல்லாம் உனக்கு எவன் சொன்னான்?"

"எவனும் சொல்லல. நானே சொல்றேன். தனசேகரு, ஏத்தறதுன்னா என் மேல ஏத்து."

தனசேகர் எஞ்சினை அணைத்தான். அணைத்ததும்தான் எல்லாருக்கும் கேட்டது. சரக்... சரக்... கிரண்குமார் உள்ளே பூட்டிக் கிடக்கிறான். சத்தம் மேட்டுக்குள்ளிருந்து வந்தது. தாட்சாயணிக்குத் தன் தொடைக்குக் கீழே மண் அசைவது தெரிந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. தனசேகர் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போனவன், கூலியைக்கூடக் கேட்கவில்லை. மாமா சாவியோடு முன்வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

இருட்டியது. பனி இறங்கியது. பின்வாசல் கதவுக்கு உள்ளே நின்றிருந்த வெங்கடலட்சுமிக்கு மருமகள் பேசுவது மட்டும் கேட்டது. யாரோ வீட்டு வாசலில் நின்று சண்டைக்குக் கூப்பிடுகிற குரல்.

"உன் வீட்டை இடிச்சான். தப்புதான். உன் குஞ்சைக் கொன்னான். அதுவும் தப்புதான், நான் இல்லேன்னு சொல்லல. இப்ப இங்க ஒரு மேடு கீது. ஒருத்தனும் கை வைக்க மாட்டான், நான் கீறேன். ஆனா என் ஆளு எனக்கு வேணும். என்னைத் தெரிஞ்ச ஆளு. குடுக்கற வரைக்கும் எறங்க மாட்டேன். இன்னா பண்ணுவ? மறக்க வைப்பியா? வச்சிப் பாரு."

கரண்ட் போனது. தெரு முழுக்கத் தறி நின்றது.

மண் சரிகிற சத்தம். தாட்சாயணி கத்தவில்லை. கீழே குனிந்து இரண்டு கையாலும் தோண்ட ஆரம்பித்தாள். வெங்கடலட்சுமிக்கு அவள் மூச்சு வாங்குவது கேட்டது. வளையல் உடைவது கேட்டது. அப்புறம்... ஒரு ஆண் குரல். வாய் நிறைய மண் இருக்கிறவன் பேசுகிற மாதிரி.

"தாட்சா."

அங்கே என்ன நடந்தது என்று ரோஜா எத்தனையோ முறை அண்ணியிடம் கேட்டிருக்கிறாள். "கை ஒண்ணு வந்து என் மணிக்கட்டைப் புடிச்சிச்சு. சூடா இருந்துச்சு. இழுத்தேன்," என்பாள். அவ்வளவுதான் சொல்வாள்.

பின்கதவு வழியாக இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். கிரண்குமார் உடம்பெல்லாம் மண்ணும் சருகும். "அம்மா, பசிக்குது," என்றான். வெங்கடலட்சுமி ஓவென்று அழுதாள். முன்வாசலிலிருந்து மாமா ஓடி வந்தார். "இன்னா மாமா, தொப்பை இன்னும் கொறையலியா?" என்றான் அவரைப் பார்த்து. மாமா தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சாவி இருந்தது. உள்ளறைக் கதவில் பூட்டும் பூட்டியபடியே தொங்கியது.

விடிந்த பிறகுதான் திறக்கத் துணிச்சல் வந்தது. கட்டிலில் யாரும் இல்லை. ஆள் படுத்திருந்த நீளத்துக்கு ஈரச் சருகு பரவிக் கிடந்தது. தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. தாட்சாயணி அதை முறத்தில் அள்ளிக்கொண்டுபோய் மேட்டின் மேல் போட்டாள். அந்த மேட்டை இன்று வரை யாரும் தொடவில்லை. வேலியைக்கூடத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள்.

அவன் மறுபடி தீவுக்குப் போகவில்லை. கம்பெனியிலிருந்து கூப்பிட்டபோது தாட்சாயணிதான் போனை வாங்கிப் பேசினாள். என்ன பேசினாளோ, மறுமுறை அழைப்பு வரவில்லை. இப்போது அவனே தறி பார்த்துக்கொள்கிறான். எல்லாரையும் தெரிகிறது. ரோஜாவைச் சின்ன வயதில் கிணற்றடியில் தள்ளிவிட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. தின்கிறான், சிரிக்கிறான், மாமாவைச் சீண்டுகிறான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை ரோஜா ஊருக்குப் போயிருந்தாள். வெங்கடலட்சுமி மகனை முற்றத்தில் உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை, தோள், முதுகு. முன்பக்கம் கையைக் கொண்டுவந்தாள். அந்தக் கை அப்படியே நின்றுவிட்டது.

எழுந்து பின்னால் பின்னால் நடந்து வந்து சுவரில் சாய்ந்தாள். ரோஜாவிடம் சொல்லவில்லை, மருமகளைப் பார்த்துத்தான் மெல்லக் கேட்டாள்.

"தாட்சா... இவனை யாருடி பெத்தது?"

தாட்சாயணி தறியை நிறுத்திவிட்டு வந்தாள். அவளுக்கு அது முதல் நாளிலிருந்தே தெரியும் என்று அவள் நடையிலேயே ரோஜாவுக்குப் புரிந்துவிட்டது.

"என்னைத் தெரியுது. உங்களைத் தெரியுது. அதுக்கு மேல இன்னாத்துக்கு அத்தே? எண்ணெயைக் குடுங்க."

வாங்கி உள்ளங்கையில் ஊற்றிக்கொண்டு, ரோஜா பார்க்கட்டும் என்றே, அவன் நெஞ்சிலிருந்து அடிவயிறு வரை ஒரே இழுப்பாகத் தடவினாள். கை எங்கும் தட்டவில்லை. வயிறு மழுமழுவென்று இருந்தது.

அண்ணனுக்குத் தொப்புள் இல்லை.